அடிபம்பு வாஷரை யார் மாற்றுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வடிவமைப்புத் தொழிலும் சமூக மாற்றமும் குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வடிவமைப்பாளர்கள் மக்களுக்குப் பயன்படும் வேலைகளைத் தேடிப் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டு, ஒரே வருடத்தில் துருப்பிடித்து மூலையில் கிடக்கும் பொருட்களும் நம் நாட்டில் ஏராளம். ஒரு பொருள் பழுதானால் அதை யார் கழற்றுவார், என்ன கருவி வேண்டும், உதிரி எங்கே கிடைக்கும், செலவு யாருடையது என்பதெல்லாம் வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகிறது. கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான். நம் ஊர்களில் நிற்கும் அடிபம்பை வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

1960களின் இறுதியில், வறட்சியை ஒட்டி, பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் வேகமாகப் போடப்பட்டன. அவற்றின் மேல் பொருத்தியவை வார்ப்பிரும்பு பம்புகள். மேலைநாட்டுப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் நாளுக்குச் சில முறை அடிப்பதற்கான வடிவம் அது. இங்கே ஒரு பம்பை நூற்றுக்கணக்கான பேர் விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அடித்தார்கள். கைப்பிடி ஆடும் அச்சு தேய்ந்தது, வார்ப்பு விரிசல் விட்டது, கைப்பிடியிலிருந்து கிணற்றுக்குள் பிஸ்டனுக்கு இறங்கும் கம்பி பக்கவாட்டில் இழுபட்டு அறுந்தது. 1970களின் நடுவில் பார்த்தபோது போட்ட பம்புகளில் பெரும்பாலானவை ஓடவில்லை.

மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிறிஸ்தவ மிஷன் பணியாளர்கள் எஃகால் வேறு பம்புகள் செய்து பார்த்தார்கள். சோலாப்பூர் பம்பைத் தொடக்கமாக வைத்து, யுனிசெஃப்பும் அரசும் மெட்ராஸின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. கோயம்புத்தூர்ப் பக்கம் கிணறுகளில் வைத்துச் சோதித்த பிறகு, 1970களின் கடைசியில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. வளர்ச்சிக்கான வடிவமைப்பு பற்றிய அகமதாபாத் பிரகடனம் 1979 ஜனவரியில் வந்தபோது இந்தப் பம்பு கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் காப்புரிமை எடுக்கவில்லை. அளவுகள் ஐஎஸ் 9301 என்ற இந்தியத் தரநிர்ணயமாக வெளிவந்தன. எந்தப் பட்டறையும் செய்யலாம். ஆனால் ஒரு பட்டறையின் உதிரி இன்னொரு பட்டறையின் பம்பில் பொருந்தியாக வேண்டும். அதற்காக, துளையின் இடம் மாறாமல் பிடித்துக் காட்டும் 'ஜிக்' என்ற சட்டத்தை வைத்துத் துளையிடுவதும், கிடங்கை விட்டு வெளியேறும் முன் வெளியாளை வைத்துச் சோதிப்பதும் கட்டாயமாயின. வடிவத்தைப் போலவே இந்த ஏற்பாடும் யோசித்துச் செய்தது.

இதன் முக்கிய உறுப்பு செயின். கைப்பிடியின் முனையில் கால்வட்டத் தகடு, அதன் மேல் படிந்து இறங்கும் செயின், அதில் தொங்கும் 12 மி.மீ. கம்பி. கைப்பிடி எந்தக் கோணத்தில் நின்றாலும் கம்பி நேர் செங்குத்தாகவே ஏறி இறங்கும். பக்கவாட்டு இழுவை இல்லை. அச்சில் மூடிய பால் பேரிங் இருப்பதால் அடிக்கடி எண்ணெய் விட வேண்டாம். கைப்பிடி கனமான திட எஃகுச் சட்டம்; 8-க்கு 1 என்ற நெம்புகோல் விகிதம். நிமிடத்துக்கு 40 முறை அடித்தால் சுமார் 12 லிட்டர் வரும். குறையும் அதே செயினில்தான். செயின் இழுக்கும், தள்ளாது. பிஸ்டன் கீழே இறங்குவது கம்பியின் எடையால்தான். தண்ணீர் மேலாகவே இருக்கும் கிணற்றில் கம்பி குறைவு, எடை போதாது. கைப்பிடியைத் தூக்கும்போது செயின் தொய்ந்து, அடுத்த அடியில் வெட்டி இழுத்து, சீக்கிரம் தேயும். அப்படிப்பட்ட இடத்துக்கு இந்தப் பம்பே பொருத்தமில்லை.

பீடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று கால்களோடு கான்கிரீட்டில் பதியும் பீடம் கிணற்றுத் துளையின் பக்கச் சுவரைக் காக்கும் கேசிங் குழாயைத் தொப்பிபோல மூடி நிற்கும்; சிந்தும் அழுக்குத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் போகாது. கான்கிரீட் போட்டு ஏழு நாள் ஈரம் காய விடாமல் பதமாக்க வேண்டும், அதுவரை அடிக்கக் கூடாது. தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் மறுநாளே அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பீடம் ஆடும், மேடை வெடிக்கும், பாதுகாப்பு போய்விடும். அந்த ஏழு நாளைக்கு ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசிப்பதும் வடிவமைப்பாளரின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

இனி வாஷர். சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டனின் தோல் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் குறையும். சில ரூபாய் பெறும் உதிரி அது. ஆனால் மார்க் 2-வில் சிலிண்டர், தண்ணீர் மேலே வரும் 32 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் அடியில் தொங்குகிறது. பிஸ்டன் அந்தக் குழாயை விட அகலம். ஆகவே வாஷரை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே எடுக்க வேண்டும். 45 மீட்டர் ஆழம் என்றால் மூன்று மீட்டர் நீளக் குழாய்கள் 15. குழாய் மட்டும் சுமார் 140 கிலோ, கம்பி இன்னொரு 40 கிலோ. முக்காலி, கிளாம்பு, பைப் ரெஞ்சுகள், நான்கு ஆட்கள், ஒரு வண்டி. வண்டி மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும். டீசல் இல்லை, டிரைவர் இல்லை, மழை என்று வாரங்கள் ஓடும். அதுவரை பெண்கள் குடத்தோடு பழைய குளத்துக்குப் போவார்கள்.

1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த கள ஆய்வுகள் இதைத்தான் குறிவைத்தன. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது; அது பல மடங்கு காலம் தாங்கியது. குழாயை 65 மி.மீ. ஆக அகலமாக்கினார்கள். பிஸ்டனும், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடி வால்வும் குழாய் வழியாகவே மேலே வந்துவிடும், குழாய் அசையத் தேவையில்லை. அதுவே மார்க் 3. ஊர் ஃபிட்டர் ஒருவரும் கைக்கு உதவியாக ஒருவரும் போதும், வண்டி வேண்டாம். ஆனால் அகலக் குழாயின் எடையும் விலையும் ஏறக்குறைய இரட்டிப்பு. டெண்டரில் குறைந்த விலைக்குத்தான் ஆர்டர். பழுதுபார்க்கும் செலவு வேறு கணக்கில் எழுதப்படுவதால் கொள்முதல் மேசையில் அது கண்ணிலேயே படாது. பல மாநிலங்கள் மார்க் 2-விலேயே நின்றதற்கு இது ஒரு பெரிய காரணம். விலையைக் குறைக்கப் பின்னர் 50 மி.மீ. குழாயில் ஒரு வடிவமும் வந்தது.

எங்கும் பொருந்தும் பம்பு என்றும் ஒன்று கிடையாது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5-க்குக் கீழே போனால் ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சு கரைந்து இரும்பு அரிக்கும். தண்ணீர் செம்மை தட்டிக் கசக்கும், சோறு நிறம் மாறும். பம்பு நன்றாக ஓடினாலும் மக்கள் அதை விட்டுவிடுவார்கள். அங்கே துருப்பிடிக்காத எஃகோ பிளாஸ்டிக் குழாயோதான் வழி. வடிவமைப்பாளர் முதலில் எடுத்துப் போக வேண்டியது பிஎச் தாள்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் பெண்கல்விக்கான அரசின் மகிளா சமாக்யா திட்டத்தில் கிராமப் பெண்கள் பம்பு மெக்கானிக் பயிற்சி பெற்றார்கள். இந்தக் கனத்தைப் பெண்களால் தூக்க முடியாது என்ற பேச்சை அவர்கள் குழாயைத் தூக்கியே பொய்யாக்கினார்கள். தண்ணீர் எடுப்பவர் கையிலேயே ரெஞ்ச் இருந்தால் பழுது காத்துக் கிடக்காது. அது ஊருக்குள் மதிப்பையும் மாற்றும். வடிவத்தை எளிதாக்கினால் இத்தகைய கைகள் இன்னும் பெருகும்.

வடிவமைப்பால் முடியாததும் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் நீர்மூழ்கி மோட்டார் 200 மீட்டரிலிருந்து உறிஞ்சினால், எவ்வளவு சிறந்த அடிபம்பும் வறண்டுதான் நிற்கும். அதற்கு நிலத்தடி நீர்ச் சட்டமும் அதை அமல்படுத்தும் மனமும் வேண்டும்.

உங்கள் இதழ் வடிவமைப்பைப் பற்றித் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன். எந்தப் பொருளைப் பாராட்டினாலும் அது ஐந்தாம் ஆண்டில் எப்படி இருக்கிறது, உதிரி எந்தக் கடையில் கிடைக்கிறது, யார் கழற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். வடிவமைப்புக் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களை ஓர் ஊராட்சி ஃபிட்டரோடு அனுப்பி, ஒரு பம்பை முழுதாகக் கழற்றி மாட்ட வைக்கலாம். ஃபிட்டருக்கு அதற்கான ஆசிரியர் ஊதியத்தைக் கல்லூரியே தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பொருள் வடிவமைப்பாளர்,
கோயம்புத்தூர்.