வழிகாட்டிக்குத் தமிழ் தெரியுமா என்று காசு வாங்க முதல் சொல்லுங்கள்

மன்னார் மாவட்டத்தில் மாதா கோயில் இருக்கிற மடுத் திருப்பதிக்குச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்காக வவுனியாவில் இருந்து பற்றுச்சீட்டு எழுதுகிற முகவர்களுக்கும், இவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு தரம் போனில் சொன்னேன், ஒரு தரம் நேரில் வந்தும் சொன்னேன். மூன்று தரமும் "பாப்பம் அக்கா" என்றீர்கள். இன்னும் பார்த்து முடியவில்லைப் போலும். அதனால்தான் மற்றவர்களும் பார்க்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

உங்கள் நோட்டீசில் மூன்று பயணங்கள் இருந்தன. முதலாவது அரைநாள். கொண்டுபோய் இறக்கி, இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப ஏற்றுவது. இரண்டாவது முழுநாள்: காலையில் மடு, பிறகு திருக்கேதீச்சரம், மன்னார்க் கோட்டை, பெருக்கமரம், பொழுதுபட முதல் தலைமன்னார்க் கடற்கரை. ஒரே நாளில் இத்தனையும் பார்க்க ஆளுக்குச் சிறகு வேண்டும். மூன்றாவதில் "மடு மட்டும், அனுபவமிக்க வழிகாட்டியின் முழு விளக்கத்துடன்" என்று இருந்தது. தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா கூட. இரண்டு நாள் யோசித்து அதைத்தான் எடுத்தோம். அம்மாவுக்கு 78 வயது. ஓடி ஓடிப் பார்க்க அவரால் ஏலாது. கனடாவிலிருந்து வந்த என் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அம்மம்மா இருந்த இடத்தை ஆறுதலாகப் பார்த்து, கதையைக் கேட்கவேண்டும் என்று ஆசை.

காலையில் வந்தது நாங்கள் காசு கட்டிய வான் அல்ல. அனுராதபுரத்திலிருந்து வந்த ஒரு மினி பஸ்ஸில், முழுநாள் பயணக்காரரோடு எங்களையும் சேர்த்துவிட்டிருந்தீர்கள். வழிகாட்டி நல்ல பிள்ளை. இருபத்தைந்து வயதிருக்கும். அம்மா ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றிவிட்டவர். சிங்களம் சரளமாகப் பேசினார், இங்கிலிஷ் கொஞ்சம். தமிழில் "வணக்கம்", "போவம்" இரண்டும் தெரியும். அவரில் எனக்குக் கோபமில்லை. அவரை அனுப்பியவர்களில்தான் இருக்கிறது.

கோயில் முன்றலில் மணல் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் சின்னக் கொடியொன்றைத் தூக்கிப் பிடித்து முதலில் சிங்களத்தில் பத்து நிமிடம் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி இங்கிலிஷில் மூன்று நிமிடம். பெரியவள் அதைப் பிடித்து அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்: "அம்மம்மா, இது காட்டுக்குள்ள இருக்கிற சேர்ச்சாம். ஸ்டாச்சு நல்லாப் பழசாம். சண்டையில கொஞ்சம் உடைஞ்சதாம்."

அம்மா தலையாட்டினார். "அப்படியே பிள்ளை" என்றார்.

இதை நீங்கள் ஒரு தரம் நின்று யோசிக்கவேண்டும். 1990இல் இடம்பெயர்ந்து வந்து அந்த மரங்களுக்குக் கீழே ஒன்பது வருடம் கொட்டில் போட்டிருந்த மனுசி அவர். 1999 நவம்பரில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த சனத்துக்கு மேல் ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் செத்த அன்று அங்கே நின்றவர். அவருக்கு மடு என்னவென்று சொல்வதற்கு டொரொன்டோவில் பிறந்த பதினாறு வயதுப் பிள்ளை, வழிகாட்டியின் அரைகுறை இங்கிலிஷிலிருந்து தன்னுடைய அரைகுறைத் தமிழுக்கு மாற்றவேண்டியிருந்தது. அதற்குத்தான் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு கூடக் கட்டியிருந்தோம்.

கொட்டில் இருந்த பாலை மரத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அம்மா நாலடி எடுத்து வைத்தார். கொடி மேலே போனது. "டைம், டைம்" என்றார் வழிகாட்டித் தம்பி. திருக்கேதீச்சரத்தில் நடை சாத்த முதல் போகவேண்டுமாம். அந்த மரம் இப்போதும் நிற்கிறதா என்று பார்க்காமலே ஏறினோம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். காசு வாங்க முதல், பற்றுச்சீட்டிலேயே எழுதித் தாருங்கள்: வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார், கோயிலில் எத்தனை மணித்தியாலம் நிற்போம், எங்களோடு வேறு ஆட்களைச் சேர்ப்பீர்களா. தமிழர் காசு கட்டினால் தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

பெரியவள் பஸ்ஸுக்குள் ஒன்று சொன்னாள். போன வருடம் பள்ளிக்கூடத்தோடு பார்சிலோனாவுக்குப் போனவள். அங்கே சக்ராடா ஃபமிலியா என்ற பெரிய கோயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே எத்தனை மணிக்கு உள்ளே போவது, விளக்கம் எந்த மொழியில், கோபுரம் ஏறுவதா இல்லையா, எல்லாம் கேட்டுத்தான் காசு வாங்குகிறார்களாம். அது 1882இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிற கோயில். எங்கள் மடுக் கோயிலை 1944இலேயே அபிஷேகம் பண்ணிவிட்டார்கள். வழிகாட்டியைத்தான் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

சிங்களத்தில் சொல்லவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடு மாதா எல்லாருக்கும் தாய். ஆவணித் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து எத்தனை சனம் வந்து காட்டுக்குள் கூடாரம் அடிக்கிறது என்று வவுனியாவில் இருக்கிற எங்களுக்குத் தெரியாதா? அவர்களுக்கு அவர்களுடைய மொழியில்தான் சொல்லவேண்டும். எங்களுக்கு எங்களுடையதில். உங்கள் நோட்டீஸ் நல்ல தமிழில் அடித்திருக்கிறது. நோட்டீசுக்குத் தெரிந்த தமிழ் வழிகாட்டிக்குத் தெரியாமல் போனதுதான் புதினம். ஆனால் இது உங்களோடு மட்டும் நிற்கிற விசயமும் இல்லை. 1987இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழும் அரச கரும மொழி என்று எழுதினார்கள். அந்த "உம்" இன்றைக்கும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. கந்தோரில் படிவம் கேட்டால் "தமிழ் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ". அறிவிப்புப் பலகையில் தமிழ் இருந்தால் எழுத்துப் பிழை. கடைசியில் மாதாவைப் பார்க்கப் போன இடத்திலும்... சரி, கதை எங்கேயோ போகிறது. மன்னிக்கவும்.

வழிகாட்டி என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அம்மா திரும்பி வரும்போது சொன்னதையே சொல்லியிருக்கலாம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தையும் கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தது. அப்படி அந்தச் சொரூபமும் முதலில் ஓர் அகதிதான். 1924 ஆடி 2ஆம் திகதி அதற்கு முடி சூட்டியது. பாம்பு கடித்தால் மடு மண்ணைக் கரைத்துக் கொடுப்பது. எங்கள் வீட்டிலும் ஒரு போத்தலில் அந்த மண் இருக்கிறது. சைவக்காரரான பக்கத்து வீட்டு மாமியும் வந்து கேட்டு வாங்குவார். 2008 சித்திரையில் சண்டை நெருங்கச் சுவாமிமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதும், ஆவணியில் அது திரும்பி வந்ததும். 2015 தை 14ஆம் திகதி, கொழும்பில் யோசேவ் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்திவிட்டுப் பாப்பரசர் பிரான்சிஸ் ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்து செபித்ததும்.

இவ்வளவையும் அம்மா மதவாச்சி வீதியில் பஸ் ஆடிக்கொண்டு போகையில், பின் சீற்றிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் சொன்னார். "ஷெல் விழுந்ததைச் சொல்லுங்கோ அம்மம்மா" என்று சின்னவன் கேட்டான். "அதை வீட்ட போய்ச் சொல்லுறன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. மரத்தடியில் நின்றிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மேலதிகக் காசைத் திருப்பித் தந்தால் மறுக்கமாட்டேன். ஆனால் நான் கேட்பது அதை அல்ல. மீண்டும் பணிவாகக் கேட்கிறேன்: வழிகாட்டியின் மொழியையும், கோயிலில் நிற்கிற நேரத்தையும் காசு வாங்க முதல் எழுத்தில் தாருங்கள். மடுவைச் சுற்றியுள்ள ஊர்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் நாலு பேரைப் பழக்கி எடுத்தால் உங்களுக்கும் ஆள் கிடைக்கும், அவர்களுக்கும் சம்பளம் கிடைக்கும். அனுமதிப்பத்திரம் கொடுக்கிற பெரியவர்களே, புதுப்பிக்க வரும்போது இந்த ஒரு கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் ஆவணி கடைசி வரை நிற்பார்கள். அதற்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் மதவாச்சியில் ரயில் ஏறி மடு வீதி ஸ்டேசனில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போவோம். பாலை மரத்தை அம்மா காட்டுவார்.

நன்றி.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு மகள்

பி.கு.: அம்மாவின் கறுப்புக் குடை மினி பஸ்ஸின் பின் சீற்றில் விடுபட்டுப்போனது. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதைப்பற்றியும் "பாப்பம்" என்றீர்கள். தயவுசெய்து பாருங்கள்.