மங்கைக்கு, அண்ணனின் மூச்சுப்பயிற்சி பற்றி

கும்பகோணம்

அன்புள்ள மங்கை,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு வந்திருப்பது பார்க்கின்சன்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டதைப் படித்ததும் போனை எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். மூச்சுப்பயிற்சியால் அண்ணனுக்குக் குணமாகுமா என்று நீ கேட்டிருப்பதை அவர் பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாது. அதோடு, எழுதி வைத்தால் நீ திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் நீ எழுதியிருந்த அந்த வீடியோ. ஒரு மண்டலம் பிராணாயாமம் செய்தால் நடுக்கம் அடியோடு போய்விடும் என்று அதில் சொல்கிறார்களாமே. போகாது, மங்கை. மூளையில், உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருகிற நோய் இது. நடுக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே அவற்றில் பெரும்பங்கு போயிருக்கும். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் 1817-லேயே இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார். ஆனாலும் அந்தச் செல்களின் அழிவைத் தடுத்து நிறுத்துகிற மருந்து இன்றைக்கும் கிடையாது. அப்படியிருக்க, மூச்சை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். உன் பையனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அப்படியானால் மூச்சுப்பயிற்சி எதற்கு என்று கேட்பாய். என் வீட்டுக்காரர் இவருக்குப் பார்க்கின்சன் வந்த நாளிலிருந்து பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். கையும் காலும் இறுகுவது எல்லோர் கண்ணிலும் படுகிறது. விலாவைச் சுற்றியுள்ள தசைகளும் அதேபோல இறுகுவது யார் கண்ணிலும் படுவதில்லை. முதுகு கூனும், மூச்சு மேலோட்டமாகும், குரல் தேய்ந்துபோகும், இருமலில் பலம் இருக்காது. இருமலுக்குப் பலம் இல்லாவிட்டால் தண்ணீரோ சாதமோ மூச்சுக்குழாய்க்குள் போனாலும் வெளியே தள்ள முடியாது. இந்த நோயாளிகள் பலர் கடைசியில் நிமோனியாவில்தான் போகிறார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்து மூச்சைக் கோட்டை விட்டுவிடாதே என்பதற்காகத்தான்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். யோகா மாஸ்டர்கள் விடியற்காலை, வெறும் வயிறு என்பார்கள். அந்த நேரத்தில் இவரால் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாது. அதனால் எழுந்ததும் முதல் மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்கி உடம்பு இளக ஒரு மணி நேரம் போல ஆகும். அப்போது உட்கார்ந்தால் பயிற்சி நன்றாக வருகிறது. இட்லி அதற்கப்புறம்தான். புரதம் சேர்ந்தால் அந்த மாத்திரை சரியாக ஏறாது என்பதால் எப்படியும் சாப்பாட்டுக்கு இடைவெளி விடத்தான் வேண்டியிருக்கிறது.

தரையில் சம்மணம் வேண்டாம். கை வைத்த நாற்காலி, பாதம் தரையில் பதியட்டும், முதுகு நிமிரட்டும். மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. இவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவில் இப்படி நிதானமாக விட்டால் நெஞ்சுத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக இசைந்து போகின்றன என்று ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் இவருக்கு ஒரு படபடப்பு வரும், மூச்சே அடைத்துப்போன மாதிரி. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுவேன், இவர் மூச்சு விடுவார். படபடப்பு தணிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிராமரி, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று வண்டு ரீங்காரமிடுவது. மூச்சை நீளமாகவும் ஒரே சீராகவும் வெளியே விடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. சத்தம் நடுங்கினாலும் அறுந்தாலும் அவர் காதுக்கே கேட்கும், அவரே சரிசெய்துகொள்வார். அது முடிந்ததும் வாயைத் திறந்து ‘ஆ’ என்று உரக்க. இது யோகத்தில் வருவதல்ல, ஸ்பீச் தெரபி என்கிற பேச்சுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. இந்த நோயில் தன் குரல் தணிந்துவிட்டது என்பது பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாது. “நான் சரியாகத்தான் பேசுகிறேன், உனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது” என்று இவர் எவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா! இப்போது அமெரிக்காவிலிருந்து பேத்தி கூப்பிட்டால் போனை என்னிடம் தராமல் தானே பேசுகிறார்.

மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி அடைத்து மூச்சு விடும் நாடிசுத்தியை நாங்கள் விட்டுவிட்டோம். நடுங்குகிற விரலால் மூக்கை அடைத்துத் திறப்பதற்குள் நிம்மதி போய்விடுகிறது. அண்ணனுக்கு ஒரு கைதான் நடுங்குகிறது என்றால் மறு கையால் செய்து பார்க்கட்டும். வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்த்ரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் வேண்டாம். இந்த நோயும் மாத்திரையும் சேர்ந்து, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். வேகமாக மூச்சு விட்டுத் தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு என்னாவது? பயிற்சி முடிந்ததும் சட்டென்று எழ விடாதே.

ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாயே. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹாங்காங்கில் 138 பார்க்கின்சன் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, 8 வாரம் ஒரு பிரிவுக்கு மூச்சும் தியானமும் சேர்ந்த யோகாவும், மற்றதற்குச் சாதாரண உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். நடை, இயக்கத்தில் இரண்டு பிரிவும் ஒன்றுபோலத்தான் முன்னேறின. மனச்சோர்வும் பதற்றமும் யோகா பிரிவில்தான் அதிகம் குறைந்தன. என் அனுபவமும் இதேதான். விழுங்குவதில் சிக்கல் வந்துவிட்டால் மட்டும் பிராணாயாமத்தை நம்பி இருக்காதே. அதற்கு, எதிர்ப்பு கொடுக்கும் ஒரு சின்னக் கருவிக்குள் பலமாக ஊதிப் பழகும் பயிற்சி இருக்கிறது. 2010-ல் வெளியான ஆய்வில் அப்படிப் பழகியவர்கள் விழுங்குவது பத்திரமாக ஆனதாகப் பார்த்தார்கள். மெதுவாக விடும் மூச்சில் அந்த பலம் கிடைக்காது. டாக்டரிடம் சொல்லி ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அந்த விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் அளவு கூடிவிடும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதே.

இங்கே மற்றபடி எல்லோரும் நலம். நம் சரோஜா பெண்ணுக்கு மாசியில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வரும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்கிற நீயும் அவரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு விடு. ஒரு வாரத்துக்கு, உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவையும் எழுந்து நின்ற பிறகு ஒரு தடவையும் அவருக்குப் பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துவை. அடுத்த முறை போகும்போது அதை டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் லலிதா