செயலாளர் ஆண்டறிக்கை: கிணற்றுநீர் வரைபடமும் நிலுவைச் சந்தாவும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களே அதிகம் என்பதால் இந்த அறிக்கை வாட்ஸ்ஆப்பிலும் போடப்படும்.

பொங்கல் விளையாட்டு, வாய்க்கால் தூர்வாருதல், மரக்கன்று நடவு வழக்கம்போல் நடந்தன. செயற்குழு கூடியது, கோரம் இல்லாமல் கலைந்ததும் உண்டு.

இந்த ஆண்டின் முக்கிய வேலை நொய்யல் கரைக் கிணற்றுநீர் வரைபடம். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியதும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் உங்கள் கிணற்றில் உப்பு எவ்வளவு என்று கேட்டால், "பரவாயில்லீங்க" என்பதற்கு மேல் பதில் வராது. இப்போது செல்போனில் ஒரு புள்ளியைத் தொட்டால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு), அளந்த தேதி, ஆழம் மூன்றும் வரும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை பச்சை, 2000 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணய வரம்புகள் இவை. 2000 என்பதும் வேறு தண்ணீர் இல்லாத இடத்துக்குத்தான்.

அளக்கும் முறை: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் குழாயில் நின்ற தண்ணீர் போனபின் பிடிக்க வேண்டும். மீட்டர் தண்ணீரின் மின்கடத்தலை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் டிடிஎஸ் காட்டுகிறது; அந்தப் பெருக்கு எண் எது என்று குறிக்க வேண்டும். ஒரே தண்ணீருக்கு 0.5-ஆல் பெருக்கும் மீட்டர் 1000 காட்டினால் 0.7-ஆல் பெருக்கும் மீட்டர் 1400 காட்டும். பச்சையோ சிவப்போ தண்ணீரால் வராமல் மீட்டரால் வந்துவிடும். அறுபதடிக் கிணறும் எண்ணூறடி போரும் ஒரே தோட்டத்தில் இருந்தாலும் தனித்தனி அடுக்கில்தான் போக வேண்டும். டிடிஎஸ் உப்பை மட்டுமே சொல்லும், சாயத்தையோ உலோகத்தையோ சொல்லாது என்பதையும் படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறோம்.

சிலர் அட்சரேகை 11-ஐயும் தீர்க்கரேகை 77-ஐயும் மாற்றி அனுப்பினர். அப்படிப் போட்டால் நம் ஊர்க் கிணறு வடதுருவம் பக்கத்துக் கடலில் போய் விழும். கிணற்றின் போட்டோவை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதிலுள்ள இடக்குறிப்பு அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

வருத்தம் ஒன்று. வரைபடத்தின் கீழ்ப்பகுதி வெறுமையாக நிற்கிறது. பார்க்கிறவர் அங்கே தண்ணீர் சுத்தம் என்றுதான் நினைப்பார். உண்மையில் அங்கே உறுப்பினர்கள் ஒத்துழைக்கவில்லை. காட்டு (நிலத்து) விலை இறங்கிவிடும் என்ற பயம் புரிகிறது. அதற்காகத்தான் சர்வே எண்ணும் பெயரும் இல்லாமல், ஆயத்தொலைவை மூன்று தசமத்தோடு நிறுத்துகிறோம். புள்ளி கிணற்றிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். இதற்கு மேலும் மறைத்தால் வரைபடமே வேண்டியதில்லை. இடைவெளியைக் கணினியே நிறம் பூசி நிரப்பட்டும் என்றார் ஒருவர். பக்கத்துப் புள்ளிகள் இல்லாத இடத்தில் அது வெறும் ஊகம் என்பதால் செய்யவில்லை.

வரவு செலவு பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறத்தாழ சரி, கையிருப்பு சொல்லும்படி இல்லை. சந்தா நிலுவைப் பட்டியலை இங்கே படிக்க விருப்பமில்லை. அதிலுள்ளவர்களுக்கே தெரியும்.

தலைவர், பொருளாளர், மீட்டரை இரவல் தந்த உறுப்பினர், டீ வாங்கித் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை யாரேனும் கேட்டால் பாஸ்வேர்டோடு ஒப்படைக்கத் தயார். யாரும் கேட்கவில்லை என்றால் மே மாத அளவீட்டுக்கு முன் சந்தாவாவது வந்து சேரட்டும். மீட்டரைச் சரிபார்க்கும், மின்கடத்தல் அளவு முன்பே தெரிந்த 1413 கரைசல் பாட்டில் திறந்து வெகுநாள் ஆகிறது. புதிது வாங்காமல் கோடைக் கணக்கை எடுக்க முடியாது.