'பிறவி மேதை' என்று தலைப்புப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை எதிலாவது ஜெயித்துவிட்டால் போதும், 'பிறவி மேதை', 'ரத்தத்தில் ஊறிய திறமை' என்று தலைப்புப் போட்டுவிடுகிறீர்கள் (உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான்). பாராட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை முழுக்க அந்த இரண்டு வார்த்தையில் காணாமல் போகிறது. இன்னொரு பக்கம், கற்க ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகாத வேறொரு பிள்ளையைப் பார்த்து 'உனக்கு இதெல்லாம் வராது' என்று சொல்ல வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடுகிறது.

செஸ்ஸையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது அதுதான். ஹங்கேரியின் யூதித் போல்கார் 1991இல், 15 வயது 4 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் (செஸ்ஸில் உச்சப் பட்டம் அது) ஆனார். மிகச் சின்ன வயதில் அந்தப் பட்டம் வாங்கியவர் என்று 1958இல் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் வைத்த சாதனை அதோடு போனது. பிறவி மேதை என்று எழுதிவிடலாம்தான். ஆனால் அவருடைய அப்பா லாஸ்லோ, மேதைகள் பிறப்பதில்லை, வளர்க்கப்படுகிறார்கள் என்று பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே முடிவு கட்டியவர். மூன்று மகள்களையும் வீட்டிலேயே வைத்துப் பழக்கியவர். மூன்று பேருமே பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். சரி, மூன்று பேருக்கும் ஒரே அளவில் வந்ததா என்றால் அதுவும் இல்லை. சூசனும் யூதித்தும் கிராண்ட்மாஸ்டர், நடுவில் பிறந்த சோபியா அதற்கு ஒரு படி கீழே இன்டர்நேஷனல் மாஸ்டர். அதே வீடு, அதே அப்பா. அதனால் பிறப்பில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. கூடைப்பந்து ஆடுகிறவரின் உயரத்தை யார் பழகி வாங்கினார்கள்?

இதற்கு நேர் எதிராக 'பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் மேதை ஆகலாம்' என்று ஒரு மந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1993இல் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகச் சாதகம் செய்த நேரத்தின் சராசரிதான் அந்தக் கணக்கு, அதைத் தொடாதவர்களும் அதே குழுவில் இருந்தார்கள். செஸ் ஆட்டக்காரர்களிடம் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்த்தால், மாஸ்டர் நிலைக்கு வர ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது, இன்னொருவருக்கு 23,000 தாண்டியிருக்கிறது. வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, வாஸ்தவம். ஆனால் யாருக்கு எந்த வேகம் என்பதை மூன்றாவது வாரத்தில் எந்த ஜோசியரால் சொல்ல முடியும்?

அப்புறம், மணி நேரத்தை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. இருபத்தைந்து வருடமாக ஆடுகிறேன். ஆட்டம் தோற்றால் காய்களை அள்ளி மறுபடி அடுக்கி அடுத்த ஆட்டம், அவ்வளவுதான். நான்கு வருடம்கூட ஆடாத அக்கா மகன் இப்போது என்னைச் சுலபமாகத் தோற்கடிக்கிறான். 'பையனுக்கு மூளை, எனக்குக் கொடுப்பினை இல்லை' என்று சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் கேட்டான்: "மாமா, தோத்த ஆட்டத்தை எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?" அவன் நோட்டைக் காட்டினான். ஒவ்வொரு தோல்வியிலும், எந்த நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போனதோ அதைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம். எனக்கு எப்போதும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு: யானையோடு ஒரே ஒரு சிப்பாய் மிச்சம், சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கும், என் ராஜா அதற்கு முன்னால் அடைபட்டுக் கிடக்கும், வெளியே வந்தால் எதிரி யானை செக் மேல் செக் கொடுத்து டிரா ஆக்கிவிடும். அதை மட்டும் பலகையில் வைத்து அவன் தடுக்க, நான் திரும்பத் திரும்ப ஆடினேன். ஏழாவது தடவையில்தான் உறைத்தது, என் யானையை முதலில் நான்காவது வரிசைக்குக் கொண்டு வந்து நிறுத்திவிட்டால், பிறகு அதுவே குறுக்கே வந்து செக்கை மறைத்துவிடும் என்று. இருபத்தைந்து வருடத்தில் வராதது ஒரே சாயங்காலத்தில் வந்தது. அவனுக்கு என்னைவிட மூளை அதிகம்தான், அதையும் மறுக்கவில்லை.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்று எல்லோரும் சொல்கிறோம், அந்த வெண்பா நட்பையும் தயையையும் கொடையையும்தான் பிறவிக் குணத்தில் சேர்த்தது, கலையையும் கல்வியையும் அல்ல என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை ஜெயித்த பிள்ளையிடம் 'இந்தத் திறமை எப்போது வெளிப்பட்டது' என்று கேட்பதற்குப் பதிலாக, 'கடைசியாக எப்போது தோற்றாய், அதை வைத்து அப்புறம் என்ன செய்தாய்' என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். பதிலை அப்படியே போடுங்கள். இடம் போதாவிட்டால் கோப்பையோடு நிற்கிற போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்