மேசைக்கு இந்தப் பக்கம்

கேன்சஸ்,
14 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி, அவன் பிள்ளைகள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். வாரம் ரெண்டு தடவை வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, பிறகெதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாள். போனில் நீங்கள் "சரி, சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லி அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். உங்களிடம் ஒரு விஷயம் முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதினால்தான் இடையில் போனைக் கைமாற்ற மாட்டீர்கள்.

முதலில் காற்று. இந்த ஊரை உங்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஆடி மாசத்து நம் கொழிஞ்சாம்பாறை, ஆனால் வருஷம் முழுக்க. நமக்காவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு திசையிலிருந்து வரும். இங்கே மலையே கிடையாது, கோதுமை வயல்தான் கண்ணுக்கெட்டிய தூரம், அதனால் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். கஞ்சிக்கோட்டில் நிற்கிற மாதிரியே வயல் நடுவில் காற்றாலைகள். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் அது ரெக்கார்டுக்கு ஆகாது இல்லையா, எங்கள் பிள்ளைகள் பாதிப்பேருடைய நல்ல தூரமெல்லாம் அப்படித்தான் கணக்கில் சேராமல் கிடக்கிறது.

அம்மா அக்கம்பக்கத்தில் "அமெரிக்காவில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறாள்" என்று சொல்வது தெரியும். சொல்லட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விசிலைத் தொட்டே பல வருஷம் ஆகிவிட்டது. இங்கே என் வேலைக்கு அத்லெட்டிக் டைரக்டர் என்று பெயர். நம் ஊரில் கலிக்கட் யூனிவர்சிட்டிக்கு ஓடினால் ஒரு ஜெர்சி, பயணப்படி, பிறகு கிரேஸ் மார்க். அதோடு கதை முடிந்தது. இங்கே விளையாட்டு டிபார்ட்மென்ட் என்பது யூனிவர்சிட்டிக்குள்ளேயே தனியாக ஒரு கம்பெனி. கோச்சுகளை எடுப்பது, அனுப்புவது, பஸ், ஹோட்டல், டாக்டர், துணி துவைக்கிறவர், டிக்கெட், டிவி, வழக்கு எல்லாம் என் தலையில். ஆனால் இதில் எதுவும் முக்கிய வேலை இல்லை. முக்கிய வேலை வசூல். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்களே, அதேதான், கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறேன்.

போன ஜூலையில் நான் வந்தபோது டிபார்ட்மென்ட் எப்படி இருந்தது தெரியுமா? ஆண்கள் கூடைப்பந்து டீமில் பாதிக்கு மேல் ஆளே இல்லை. இங்கே இப்போது 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்று ஒன்று. விளையாடுகிற பையன் அதில் பெயரைப் போட்டால் போதும், வேறு யூனிவர்சிட்டிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். 2021-இல் பிள்ளைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனதிலிருந்து அது பொள்ளாச்சி மாட்டுச் சந்தைதான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற விலை யாருக்கும் தெரியாது, காலையில் பார்த்தால் கொட்டில் காலி. பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் அவர்களை வைத்து மற்றவர்கள் சம்பாதித்தார்கள், இப்போது அவர்கள் முறை.

போன வருஷம் ஜூன் 6-ஆம் தேதி ஒரு பெரிய வழக்கின் சமரசத்தைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. இனி யூனிவர்சிட்டியே விளையாடுகிறவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு ஒரு யூனிவர்சிட்டிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பழைய பிள்ளைகளுக்கு நஷ்ட ஈடாக 280 கோடி டாலர், பத்து வருஷத் தவணையில். பெரிய புட்பால் யூனிவர்சிட்டிகளுக்கு அது பணக்காரன் வீட்டுக் கல்யாணச் செலவு. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு? அந்த விருந்தில் எங்களுக்கு இலை போடவில்லை, ஆனால் மொய் மட்டும் எழுத வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கம் வருஷா வருஷம் எங்களுக்குத் தரும் பங்கில் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் செலவில் பெரும்பகுதி யூனிவர்சிட்டி தருவதும், பிள்ளைகள் கட்டும் கட்டணமும்தான். ஒரு மேட்சுக்குக்கூட வராத கெமிஸ்ட்ரி படிக்கிற பெண்ணும் எங்களுக்காகப் பணம் கட்டுகிறாள்.

வந்த முதல் மாசம் நான் மீட்டிங் எதுவும் வைக்கவில்லை. நீங்கள் டிரில் மாஸ்டராகப் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் முதலில் ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்பீர்களே, அப்படிச் சாவியை வாங்கினேன். உள்ளே எலி கடித்த உயரம் தாண்டும் மெத்தை, பெட்டி பிரிக்காத ஷூக்கள், சைஸ் எல்லாம் தப்பு. பிறகு பெயர்ப் பட்டியல்களை எடுத்து உட்கார்ந்தேன்.

இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே 1972-இல் ஒரு சட்டம் வந்தது, டைட்டில் நைன் என்பார்கள். மத்திய அரசுப் பணம் வாங்குகிற பள்ளி, கல்லூரி எதிலும் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது. விளையாட்டில் அதை அளக்க ஒரு வழி, படிக்கிற பிள்ளைகளில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாடுகிறவர்களிலும் கிட்டத்தட்ட அத்தனை பங்கு இருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல சட்டம். மெர்சி காலேஜில் படித்த வல்சம்மா 1982 டெல்லி ஆசியப் போட்டியில் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியதை நீங்கள் எத்தனை தடவை சொல்லி என்னை ஓட வைத்திருப்பீர்கள்! அவருக்கு இந்த மாதிரி ஒரு சட்டம் பின்னால் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் மனிதன் மூளையைக் காட்டாமல் விடுவானா? தொலைதூர ஓட்டக்காரப் பெண் ஒருத்தி இலையுதிர் காலத்தில் வயல்வெளி ஓட்டத்தில் ஓடுகிறாள், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஓடுகிறாள், வசந்தத்தில் வெளியில் ஓடுகிறாள். ஒரே பெண், தலை மூன்று. அது சட்டப்படி சரிதான். ஆனால் எங்கள் பட்டியலில் ஒருநாள்கூட ஓடாத பெயர்களும் இருந்தன. ஷூவே வாங்கிக்கொள்ளாத பெண்கள்! ஜூன் மாசம் ஆறாவது வேலைநாள் பள்ளிக்கூடத்தில் தலை எண்ண வரும்போது, ஒரு வகுப்பு டிவிஷன் போய்விடுமே என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை யூனிபார்ம் போட்டு உட்கார வைத்த கதையெல்லாம் நம் பக்கத்தில் கேட்காததா? கேன்சஸிலும் அதே வித்தை என்று தெரிந்தபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பெயர்களை எடுத்துவிட்டேன். எடுத்ததும் கணக்கு இடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிராக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் என் மானம் போனது. வெடித்துக் கிடந்த சிந்தெடிக் டிராக்குக்கு மேல்பூச்சுப் போட்டுப் புதிதாகக் கோடு அடித்திருந்தார்கள். விடியற்காலையில் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் முட்டி போட்டு அளந்தேன். பால்பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, நடுவில் ஆணி அறைந்து, நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடக்க, பின்னால் நான் தட்டிக்கொண்டே வருவேனே, அந்த ஞாபகம். "ரெண்டாவது லேனுக்கு ஏழு மீட்டர் நாலு சென்டி முன்னால், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஏழு அறுபத்தேழு." வளைவில் வெளி லேன் நீளம் கூடுவதால் ஒரு சுற்று ஓட்டத்துக்குத் தொடக்கக் கோட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டும் என்ற அந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி மனசில் இருக்கிறது. டேப் காட்டியது ஆறு மீட்டர் ஏழு சென்டி! ஒரு மீட்டர் ஏமாற்று. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கத்துவதற்கு போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஓட்டக் கோச் ஒரு வயதானவர், காபியோடு வந்து நின்று, "லேன் அகலத்தை அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இங்கே பல டிராக்குகளில் லேன் 42 அங்குலம்தான் அப்பா. நீங்கள் சொல்லிக்கொடுத்தது 1.22 மீட்டருக்கு. லேன் குறுகினால் வளைவில் வித்தியாசமும் குறையும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஆறு மீட்டர் ஏழு சென்டி அச்சாக வந்தது. கோடு அடித்தவன் கெட்டிக்காரன். அந்தக் கோச் இப்போது என்னை எங்கே பார்த்தாலும் டேப்பை இழுக்கிற மாதிரி கையைக் காட்டுகிறார். ஆனால் அன்றைக்கு அப்புறம்தான் மற்ற கோச்சுகள் என் ரூமுக்கு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். முட்டியில் செம்பொடி ஒட்டிய டைரக்டரை அவர்கள் பார்த்ததில்லை போல.

படிப்பு விஷயத்தில் உங்கள் வழிதான். ஒவ்வொரு டீமுக்கும் பிள்ளைகள் தேறுகிறார்களா, படிப்பை விடாமல் நிற்கிறார்களா என்று பார்த்து ஒரு மதிப்பெண் உண்டு. ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே போனால் அந்த டீம் சீசன் முடிவில் பெரிய போட்டிக்கே போக முடியாது. ராத்திரி பத்து மணி வரைக்கும் படிப்பு அறையைத் திறந்து வைத்து, சொல்லிக்கொடுக்க ஆள் போட்டேன். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

பொய்ப் பெயர்களை எடுத்த பிறகு பெண்கள் பங்கு குறைந்தது. காசும் இல்லை. பெண்களுக்குப் புது டீம் தொடங்கப் பணம் வேண்டும், இல்லையென்றால் ஆண்களில் ஒன்றை மூட வேண்டும். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான 'டிவிஷன் 1'-இல் நிற்க வேண்டுமானால் 14 விளையாட்டுக்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் எங்களிடம் இருந்தது கொஞ்சம்தான். மூன்று வாரம் கணக்குப் போட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆண்கள் டென்னிஸ் என்றுதான் வந்தது.

போன மாசம் அந்தப் பையன்களை ஒரு ரூமில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒன்பது பேர், பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள், என்னைப் போல விசாவில் வந்தவர்கள். படிப்பு முடியும்வரை ஸ்காலர்ஷிப் நிற்கும், போர்ட்டலில் போக விரும்புகிறவர்களுக்கு நானே பேசுவேன் என்று முதலில் சொன்னேன். முதலில் நல்லதைச் சொன்னால் வலி குறையும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குறையவில்லை. ஒரு பையன் ராக்கெட் பிடியில் சுற்றியிருக்கும் டேப்பை அவிழ்ப்பதும் திரும்பச் சுற்றுவதுமாக இருந்தான். நான் பேசி முடித்ததும் தலையைத் தூக்காமலே கேட்டான், "இது உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும்?"

மூன்று வாரம் என்றேன். அந்த மூன்று வாரத்தில் அவன் விடியற்காலை பனியில் ஆடினதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையைக்கூடக் காட்டினேன்.

நம் ஊர் யூபி (அப்பர் பிரைமரி) பள்ளிக்கூடத்தில் 500 பிள்ளைகள் இருந்தால்தான் டிரில் மாஸ்டர் போஸ்ட். தமிழ் மீடியத்தில் தலை குறைந்து உங்கள் போஸ்ட் போன அன்று சட்டைக் கைமடிப்பில் சுண்ணாம்போடு வந்து திண்ணையில் உட்கார்ந்தீர்கள். அம்மா கேட்டதற்கு, "கூப்பிட்டு உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாங்க, நல்லாத்தான் பேசினாங்க" என்றீர்கள். அந்த ஆள் மேல் எனக்கு இத்தனை வருஷம் ஒரு கோபம் இருந்தது அப்பா. எதிரில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று. அன்று அந்த ரூமில் ஒன்பது தண்ணீர் பாட்டிலை நானே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒருவரும் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு அவற்றை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

வேறு வழி இருந்ததா என்று உங்களிடம் கேட்கவில்லை. கணக்கு சரிதான். இரண்டு வருஷத்தில் பெண்களுக்கு ஒரு புது டீம் வரும், அதற்கு ஒரு கோதுமை விவசாயி பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரலில் எங்கள் டிராக்கில் பல வருஷத்துக்கு அப்புறம் ஒரு மீட். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் தொடக்கம், உங்களுக்கு ராத்திரி ஏழரை. வீடியோ போடுகிறேன், தம்பியிடம் போனை சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். தென்னைக்கு வெள்ளை ஈ இன்னும் இருக்கிறதா? முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

அப்புறம், போஸ்ட் போன அன்று அந்த டீயைக் குடித்தீர்களா, வைத்துவிட்டு வந்தீர்களா? நீங்கள் சொன்னதே இல்லை.

உங்கள் அன்பு மகள்