எல்லையில் திரும்பும் எலக்ட்ரான்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. கயல் முதுகலை ஆய்வுக்கு மீகடத்தியை எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் நலம். கண் அறுவைக்குப் பிறகு பொடி எழுத்துகளும் தெளிவாகத் தெரிகின்றன. அதனால் கட்டி வைத்திருந்த பழைய கட்டுரைகளை எடுத்துத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராஜி போன மாதம் பணி ஓய்வு பெற்றாள். இப்போதுதான் வேலை கூடியிருக்கிறது என்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மீகடத்திக்கு மின்தடை கிடையாது, செம்புக்கு உண்டு, இரண்டும் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

செம்பில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடுகின்றன. மீகடத்தியில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து கூப்பர் இணைகளாக ஓடுகின்றன. இணையை உடைத்துத் தனி எலக்ட்ரானாக உள்ளே இருக்க வேண்டுமென்றால் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். நியோபியம் என்ற மீகடத்தி உலோகத்தில் அது எலக்ட்ரான் ஒன்றுக்குச் சுமார் 1.5 மில்லி எலக்ட்ரான்வோல்ட் (எலக்ட்ரான்வோல்ட் என்பது ஆற்றலின் மிகச் சிறிய அலகு). செம்பிலிருந்து அதைவிடக் குறைந்த ஆற்றலோடு ஒரு எலக்ட்ரான் எல்லைக்கு வந்தால், அதற்கு உள்ளே இடமே இல்லை. அப்படியானால் மின்னோட்டம் நின்றுவிட வேண்டும் அல்லவா? நிற்பதில்லை. தொடுமுகம் சுத்தமாக இருந்தால், இரு பக்கமும் சாதாரண உலோகமாக இருக்கும்போது எவ்வளவு ஓடுமோ அதைப்போல் இரு மடங்கு ஓடுகிறது!

வந்த எலக்ட்ரான் எதிர்ச் சுழற்சியுள்ள (சுழற்சி, அதாவது ஸ்பின், ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் உள்ள இரு திசைப் பண்பு) இன்னொரு எலக்ட்ரானைச் செம்பிலிருந்தே சேர்த்துக்கொண்டு, இணையாக உள்ளே போகிறது. துணை எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடம், அதாவது துளை, செம்புக்குள் திரும்பிப் போகிறது. ஒரு எலக்ட்ரான் வந்தது, இரண்டு எலக்ட்ரானின் மின்னூட்டம் கடந்தது. அதுதான் அந்த இரு மடங்கு.

துளை திரும்பும் திசைதான் இன்னும் அழகு. சுவரில் சாய்வாக எறிந்த பந்து மறுபக்கம் சாய்ந்து போகும். இந்தத் துளையோ எலக்ட்ரான் வந்த பாதையிலேயே திரும்பிப் போகிறது. உலோகத்தில் எலக்ட்ரானின் ஆற்றல் சில எலக்ட்ரான்வோல்ட் இருக்கும். இணைகளைக் கட்டும் ஆற்றல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய விசையால் எலக்ட்ரானின் உந்தத்தைத் திருப்பிவிட முடியாது. அதை ஏறக்குறைய அதே உந்தமுள்ள துளையாக மாற்றத்தான் முடியும். துளையின் வேகமோ உந்தத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும், அதனால் வந்த வழியே போகிறது.

இதை 1964இல் சொன்னவர் சோவியத் இயற்பியலாளர் அலெக்சாந்தர் ஆந்திரேயெவ். அவர் அப்போது யோசித்தது மின்னோட்டத்தைப் பற்றி அல்ல, வெப்பத்தைப் பற்றி. காந்தப்புலத்தில் சில மீகடத்திகள் சாதாரண அடுக்கும் மீகடத்து அடுக்குமாக மாறி மாறிப் பிரிந்து நிற்கும். அந்த நிலையில் வெப்பம் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுக் கடக்கிறது என்பதுதான் புதிர். எலக்ட்ரான் கொண்டுவந்த கூடுதல் ஆற்றலைத் துளை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விடுகிறது என்பது அவருடைய விடை. மின்னூட்டம் உள்ளே போகிறது, வெப்பம் வெளியிலேயே நின்றுவிடுகிறது. சாதாரண உலோகங்களில் மின்சாரமும் வெப்பமும் ஒன்றாகவே ஓடும் என்று படித்து வளர்ந்த நமக்கு, அவை ஒரு எல்லையில் இப்படிப் பிரிவது எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்பே, 1960இல், கியேவர் என்ற இயற்பியலாளர் அலுமினியத்துக்கும் மீகடத்தியான ஈயத்துக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு படலம் வைத்து அளந்திருந்தார். அங்கே கதை தலைகீழ். படலத்தை இணைகளாகக் கடப்பது மிக அரிது, அதனால் குறைந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. சுத்தமான தொடுகை ஒரு முனை, ஆக்சைடு மறுமுனை. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லாத் தொடுகைகளையும் எல்லையின் தடுப்பு வலிமை என்ற ஒரே எண்ணால் விளக்கிக் காட்டியவர்கள் பிளாண்டர், டிங்கம், கிளாப்விக், 1982இல். கயல் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், அவள் காந்த உலோகத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். இணை சேர எதிர்ச் சுழற்சியுள்ள துணை வேண்டும். எல்லா எலக்ட்ரான்களும் ஒரே சுழற்சியில் இருந்தால் துணை கிடைக்காது, குறைந்த மின்னழுத்தத்தில் கடத்துதிறன் விழுந்துவிடும். 1998இல் இதை வைத்தே உலோகங்களின் சுழற்சிச் சாய்வை, அதாவது எலக்ட்ரான்கள் ஒரே சுழற்சியின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதை, அளந்தார்கள். குரோமியம் டையாக்சைடில் அது சுமார் 90 சதவீதம் வந்தது. ஒரு ஊசிமுனைத் தொடுகையை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிட முடிகிறது, பார்!

அவள் ஊசியை மாதிரியில் அழுத்தி அளக்கப்போகிறாள் என்றால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல். தொடும் இடத்தின் அகலம், எலக்ட்ரான் மோதாமல் ஓடும் தூரத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் தொடுமுனை சூடாகும், மின்னோட்டம் மீகடத்தி தாங்கும் அளவை மீறி மீகடத்து நிலை அங்கேயே உடையும். கடத்துதிறன் வளைவரையில் கூர்மையான பள்ளங்கள் தெரியும். புதிய இயற்பியல் என்று அவற்றுக்கு விளக்கம் தேடப் புறப்படுவதற்கு முன், ஊசியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து, தடை கூடுதலாக உள்ள தொடுகையில் மறுபடி அளக்க வேண்டும். பள்ளம் மறைந்தால் அது தொடுகையின் குறை. மாதிரியோடு சேர்ந்த கம்பிகளின் தடை கணக்கில் வராமலிருக்க, மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என்று நான்கு கம்பிகள் வைக்க வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும்.

முதல் வளைவரை வந்ததும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு அனுப்பச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை. அடுத்த கடிதத்தில் அதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
முருகு