36-க்கு ஒன்பது காரணிகள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி போன வாரம் டியூஷன் முடிந்து அழுதுகொண்டே வந்தாள். 36-க்கு ஒன்பது காரணிகள் (அதை மீதியின்றி வகுக்கும் எண்கள்) என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு. காரணிகள் ஜோடியாகத்தான் வரும், ஒற்றைப்படையில் முடியாது என்றார்களாம்.

நான் செம்பனை நாற்றுமேடையில் மண்டோராக, அதாவது வேலையை மேற்பார்ப்பவனாக இருந்தவன். பைகளை நிரை பிடித்து அடுக்கியே காலம் போனது. 36 பைகளை 4 நிரையாக வைத்தால் நிரைக்கு 9. அதையே 9 நிரையாக வைத்தால் நிரைக்கு 4. ஜோடி என்பது இதுதான். ஆனால் 6 நிரை வைத்தால் நிரைக்கும் 6. திருப்பிப் போட்டாலும் அதே அடுக்கு. அதனால்தான் வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகள் ஒற்றைப்படையில் வருகின்றன. பிள்ளை எழுதியது சரி.

அப்புறம் இரண்டு மாலை, இருவரும் வாசலில் உட்கார்ந்து 1 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் காரணிகளை எண்ணினோம். இரண்டே காரணிகள் உள்ள பகா எண்கள் 25. அவைதான் அதிகம் என்று நினைத்திருந்தேன். இல்லை, நான்கு காரணிகள் உள்ளவை 32! வெவ்வேறான இரண்டு பகா எண்களைப் பெருக்கினாலே நான்கு வந்துவிடுகிறது; 8, 27 இரண்டும் கூடச் சேர்கின்றன. மூன்று காரணிகள் 4, 9, 25, 49 ஆகியவற்றுக்கு மட்டும். ஏழு என்றால் 64 ஒன்றுதான். உச்சம் பன்னிரண்டு: 60, 72, 84, 90, 96.

"பதினொன்று ஏன் தாத்தா வரவே இல்லை?" என்று கேட்டாள். 11 பகா எண். அத்தனை காரணிகள் வேண்டுமானால் ஒரே பகா எண்ணைப் பத்து முறை எழுதிப் பெருக்க வேண்டும். இரண்டை அப்படிப் பெருக்கினாலே 1024 ஆகிவிடும். இதைக் கண்டுபிடித்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா.

தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரையே எழுதினார். நம் பிள்ளைகளுக்கோ காரணி என்பது நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டமிடும் வேலையாகப் போய்விட்டது.

உங்கள் மாணவர் பக்கத்தில் 101 முதல் 200 வரை வெறும் கட்டங்களாக ஓர் அட்டவணை போடுங்கள். பிள்ளைகளே எண்ணி நிரப்பட்டும். விடையை அடுத்த வாரம் போட்டால் போதும். என் பேத்தி அதுவரை காத்திருக்கவில்லை, 120-க்கு வந்துவிட்டாள். பதினாறு காரணிகளாம்.

இப்படிக்கு,
முன்னாள் நாற்றுமேடை மண்டோர்,
சுங்கை சிப்புட், பேராக்